பபூனை அறிந்தவர்கள் இத்தாலிய நகைச்சுவை ஓபரா பார்த்துப் பழகும் முறை

மேனாட்டு இசைநாடகமான ஓபராவைப் பார்க்கப் பழக விரும்புகிறவர்களிற் பலர் தவறான இடத்திலேயே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெயர்பெற்றது என்று கேள்விப்பட்ட, நான்கு மணி நேரம் ஓடும் ஒரு துன்பியல் ஓபராவை இறுவட்டில் இரவல் வாங்கி, அறையின் விளக்கை அணைத்து, பூசைக்கு உட்காருவது போல் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் அங்கம் முடியுமுன் உறங்கிவிட்டேன். கோயில் வெளிவீதியில் பாய் விரித்து, கச்சான் கொறித்தபடி, அரிச்சந்திர மயான காண்டத்தை விடியும்வரை கண்ணயராமற் பார்த்து வளர்ந்தவனுக்கு இது நேர்ந்தது. எனவே குறை என் பொறுமையில் இருந்திருக்க முடியாது என்றும், நுழைந்த வாசலே பிழை என்றும் பின்னர் முடிவு செய்தேன். யாழ்ப்பாணத்தில் கொட்டகைக் கூத்து என்று வழங்கும் இசைநாடகத்தோடு பழகிய கண்ணுக்கும் காதுக்கும் ஏற்ற வாசல் 18ஆம் நூற்றாண்டின் இத்தாலிய நகைச்சுவை ஓபராவாகும். அதற்குள் மூன்று மாலைகளில் எவ்வாறு நுழையலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். இத்தாலியர் இந்த நாடக வகையை ஓபரா புஃபா என்று அழைத்தனர். புஃபோ என்றால் கோமாளித்தனமானது. புஃபோனே என்றால் கோமாளி. இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து நமது நாடகக் கொட்டகைக்கு வந்து பபூன் ஆயிற்று. இராசாவும் இராணியும் அழுது ஓய்ந்த இடத்தில் ஓடி வந்து பகிடி விட்ட அந்தப் பபூனுக்கும், இந்த ஓபராவில் வாய் ஓயாமற் பாடும் தடித்த குரற் கிழவனுக்கும் பெயர் அளவிலேனும் உறவு உண்டு. உறவு பெயரோடு நின்றுவிடவில்லை என்பது பார்க்கப் பார்க்கத் தெரியும்.

முதல் மாலைக்கு ஒரே ஒரு படைப்பைத்தான் பரிந்துரைப்பேன். ஜொவான்னி பத்திஸ்தா பெர்கொலேசி இசையமைத்த ‘லா சேர்வா பத்ரோனா’, அதாவது ‘எசமானியான வேலைக்காரி’. ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மேடையில் மூவரே தோன்றுவர். அவர்களில் இருவர் மட்டுமே பாடுவர், மூன்றாமவன் ஊமை. இசைக்குழுவோ சில தந்தி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்சிகோர்டும் மட்டுமே. ஹார்ப்சிகோர்ட் என்பது பியானோவுக்கு முற்பட்ட, தந்திகளைக் கிள்ளி ஒலியெழுப்பும் விசைப்பலகை வாத்தியம். நமது கொட்டகையில் ஆர்மோனியக்காரர் எந்த இடத்தில் இருந்தாரோ அந்த இடம் அதற்கு உரியது.

இது ஏன் இவ்வளவு சிறியது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால் சுவை கூடும். 1733இல் நாப்போலி நகரின் சான் பார்த்தொலொமேயோ அரங்கில் இது மேடையேறியபோது, யாரும் இதைத் தனி நாடகமாகக் கருதவில்லை. அன்றைய முதன்மை நிகழ்ச்சி அதே பெர்கொலேசியின் ‘செருக்குற்ற சிறைக்கைதி’ என்னும் மூன்று அங்கக் கனதியான ஓபரா. மன்னர்களும் தளபதிகளும் மானம், கடமை, காதல் என்று நீண்ட பாடல்களில் வருந்தும் வகை அது. மூன்று அங்கங்களுக்கு இடையில் இரண்டு இடைவேளைகள் வரும் அல்லவா? அந்த இரண்டு இடைவேளைகளையும் நிரப்பச் செய்யப்பட்ட இரண்டு துண்டுகளே ‘எசமானியான வேலைக்காரி’. இந்த வகைக்கு இன்டர்மெட்சோ, இடைநாடகம், என்று பெயர். முதன்மை நாடகத்தை இன்று அறிஞர் சிலர் மட்டுமே நினைவு வைத்திருக்கிறார்கள். இடைவேளைக்கு வந்ததோ உலகமெல்லாம் சுற்றியது. இரண்டு பாடகர், ஓர் ஊமை, ஒரு மேசை, இரண்டு கதிரை என்றால் எந்த ஊருக்குத்தான் கொண்டுபோக முடியாது? பெர்கொலேசி அந்தப் புகழைக் காணவில்லை. 1736இல், தமது 26ஆம் வயதில், காசநோயால் இறந்துவிட்டார். 1752இல் ஓர் இத்தாலியக் குழு இதைப் பாரிசில் ஆடியபோது, பிரெஞ்சு இசை உயர்ந்ததா இத்தாலிய இசை உயர்ந்ததா என்று நகரமே இரண்டு பட்டு, துண்டுப் பிரசுரங்களால் இரண்டு ஆண்டுகள் சண்டையிட்டது. ரூசோ இத்தாலியரின் பக்கம் நின்றார். பகிடி நாடகமொன்றுக்காகத் தத்துவஞானிகள் மல்லுக்கட்டியதும் ஒரு பகிடிதான்.

கதையை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். கதை தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்பது திரைப்படம் நமக்குப் பழக்கிய எண்ணம். அரிச்சந்திரன் மயானத்தில் யாரைக் காணப்போகிறான் என்பதை அறியாமல் எவர் கொட்டகைக்குப் போனார்? அக்கால இத்தாலிய அரங்குகளிலும் பாடல்வரிகள் அடங்கிய சிறு புத்தகம் விற்பனைக்கு இருந்தது. அரங்கை இருட்டாக்கும் வழக்கம் அப்போது இல்லாததால், மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை வாசித்துக்கொண்டே பார்த்தார்கள். நீங்களும் விளக்கை அணைக்க வேண்டாம். கதைச் சுருக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். உபேர்த்தோ வயது சென்ற, பணமுள்ள, திருமணமாகாத ஒருவர். அவருடைய வீட்டு வேலைக்காரி செர்ப்பினா. அவர் சிறு பிள்ளையிலிருந்து வளர்த்தெடுத்தவள். வீட்டை ஆள்பவள் அவளே. திரை விலகும்போது உபேர்த்தோ தமக்குரிய சொக்கலேட் பானம் மூன்று மணி நேரமாகியும் வரவில்லை என்று புறுபுறுத்துக்கொண்டிருக்கிறார். அவளோ, நேரமாகிவிட்டது, இனிச் சொக்கலேட் இல்லாமலே இருக்கலாம் என்கிறாள். இவளிடமிருந்து தப்புவதற்காகவே ஒரு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவர் சொல்ல, அப்படியானால் மணப்பெண் நான்தான் என்கிறாள் செர்ப்பினா. முதற்பகுதி அத்தோடு நிற்கிறது. இரண்டாம் பகுதியில் அவள் ஊமை வேலையாள் வெஸ்போனேக்குப் படைவீரன் வேடம் போட்டு, புயல் தளபதி என்று பெயரும் சூட்டித் தனக்கு வாய்த்த மாப்பிள்ளை என்று கூட்டி வருகிறாள். மாப்பிள்ளை 4000 ஸ்கூதி (அக்கால இத்தாலிய நாணயம்) சீதனம் கேட்கிறார். தராவிட்டால் உபேர்த்தோவே அவளை மணக்க வேண்டும் என்பது நிபந்தனை. சீதனத்தைக் கொடுப்பதா, பெண்ணைக் கட்டுவதா என்று கணக்குப் பார்க்கும் அந்தக் கிழவரின் முகம் நமது ஊர்க் கலியாணப் பேச்சுகளில் இருந்தவர்களுக்கு விளக்கம் இன்றியே புரியும்.

இனிக் கேட்கும் முறை. ஓபராவில் வரும் பாட்டை இரண்டு வகையாகப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஒன்று ரெசித்தாத்தீவோ: பேச்சின் வேகத்திலே, தாளக்கட்டுக்குள் அடங்காமல், ஹார்ப்சிகோர்ட் அங்கங்கே ஒரு தட்டுத் தட்டச் சொல்லப்படும் உரையாடல். நமது இசைநாடகத்தில் வசனம் செய்கிற வேலையை இது செய்கிறது. காதுக்கோ விருத்தத்தின் சாயலோடு கேட்கும். புதியவர்கள் இதைச் சலிப்பான இடம் என்று எண்ணிக் கடத்திவிடுகிறார்கள். கடத்த வேண்டாம், கதை நகர்வது இங்கேதான். மற்றையது ஆரியா என்னும் தனிப்பாட்டு. ஆரியா தொடங்கியதும் கதை நின்றுவிடும். ஒரு மனநிலை மட்டும் விரிந்துகொண்டே போகும். முதற்பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, மீண்டும் முதற்பகுதி என்பது அக்கால ஆரியாவின் வழமையான அமைப்பு. மீண்டும் வரும்போது பாடகர் தமது சொந்தச் சங்கதிகளைச் சேர்த்துப் பாடுவார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டும் நமது பாடகர்களைக் கேட்டவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும்.

நகைச்சுவை ஓபராவில் ஆரியாவின் இந்த அழகே பகிடிக்குக் கருவியாகிறது. இங்கேதான் பெர்கொலேசியின் திறமை தெரிகிறது. உபேர்த்தோ எரிச்சலோடு பாடும் பாட்டில் சிறு சிறு சொற்கள், ஆம், இல்லை, மேலே, கீழே என்பன, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும். வாய் ஓடும் வேகத்தில் அவருடைய கோபம் அவருக்கே கட்டுப்படவில்லை என்பதை இசை காட்டிக்கொடுக்கும். செர்ப்பினா இரண்டாம் பகுதியில் பாடும் பாட்டைத் தனியாக இரண்டு தடவை கேளுங்கள். நான் போன பிறகு என்னை நினைப்பீர்களா என்று மெல்லிய, உருக்கமான நடையில் தொடங்குவாள். திடீரென்று நடை துள்ளலாக மாறும். அந்த இடத்தில் அவள் சபையைப் பார்த்து, கிழவன் இளகத் தொடங்கிவிட்டான் என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்கிறாள். பிறகு மீண்டும் உருக்கம். ஒரே பாட்டுக்குள் பொய்யழுகையும் உண்மையான குறும்பும் நடை மாற்றத்தினால் மட்டும் பிரித்துக் காட்டப்படுகின்றன. ஒரு சொல் விளங்காவிட்டாலும் இது விளங்கும். அதை அடுத்து உபேர்த்தோ தாம் குழம்பிப்போனதைப் பாடும்போது, படபடப்புக்கு நடுவில் ‘உபேர்த்தோ, உன்னைப் பார்த்துக்கொள்’ என்று தம்மையே எச்சரிக்கும் வரி மட்டும் நீண்ட, ஆழ்ந்த சுரங்களில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வரும். என்னைக் கேட்டால், முழு நாடகத்திலும் சிறந்த பகிடி அந்த ஒரு வரிதான்.

இன்றைய ஒளிப்பதிவுகள் பலவற்றில் இறுதி இரட்டைப்பாட்டாக, பெர்கொலேசியின் ‘ஃப்ளமீனியோ’ என்னும் 1735ஆம் ஆண்டு ஓபராவிலிருந்து எடுத்த ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். காதலர் இருவரும் தத்தம் நெஞ்சு அடிப்பதைத் திப்பிதி, தப்பதா என்று சொற்கட்டுகளாலேயே பாடுவார்கள். சல்லரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாத இடம் அது.

பதிவைத் தெரிவு செய்வதில் அதிகம் அலைய வேண்டியதில்லை. யூரியூப்பில் இத்தாலியப் பெயரை உரோமன் எழுத்தில் இட்டுத் தேடினால் பல கிடைக்கும். எழுத்துரை உள்ளதாகவும், உடையிலும் அரங்கிலும் பழைய காலத்தைக் காட்டுவதாகவும், ஊமை வெஸ்போனேயாக நடிப்பவர் உடலால் நன்றாகப் பகிடி பண்ணுபவராகவும் இருக்கிறதா என்று முதற் பத்து நிமிடங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். கதையை இன்றைய அலுவலகத்துக்கோ விண்வெளிக்கோ மாற்றிய புதுமைத் தயாரிப்புகளைப் பின்னர் பார்க்கலாம்.

தனியே பார்ப்பதிலும் பத்துப் பேராகப் பார்ப்பது நல்லது. ஊர்ச் சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ புரொஜெக்டர் ஒன்றும் ஓரளவு நல்ல ஒலிபெருக்கியும் கிடைத்தால் போதும். இதில் நான் செய்து பார்த்துப் பயன் கண்ட ஓர் ஏற்பாடு உண்டு: இடைநாடகத்தை இடைநாடகமாகவே வைப்பது. மயான காண்டத்தின் பழைய பதிவு ஒன்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் குரல் உங்களிடம் இருந்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. முதலாம் துண்டு முடிந்ததும் உபேர்த்தோவின் சொக்கலேட். இரண்டாம் துண்டு முடிந்ததும் புயல் தளபதியின் சீதனம். பிறகு மீண்டும் மயானம். சுடலையில் நின்று கலங்கிய சபை அந்த ஈரம் காயுமுன் சிரிக்கும்போது, நாப்போலி மக்கள் இடைவேளையில் எதை அனுபவித்தார்கள் என்பது விளங்கும். கண்ணீருக்கு நடுவில் பகிடியை வைப்பது மரியாதைக் குறைவு என்று முதியவர் ஒருவர் முகம் சுளித்ததும் உண்டு. நமது பபூன் வேறு எங்கே வந்தான் என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டார்.

சபை ஒழுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். வாய் திறவாமல் அசையாமல் இருந்து இசை கேட்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய அரங்கில் சுற்றிவர அடுக்கடுக்காக அறைபோன்ற மாடங்கள் இருந்தன. வசதியுள்ள குடும்பங்கள் அவற்றைப் பருவத்துக்கு என்று எடுத்து, அங்கேயே விருந்தினரை வரவேற்று, உண்டு, சீட்டாடி, பிடித்த பாட்டு வரும்போது மட்டும் மேடையைப் பார்த்தன. கீழே தளத்தில் குறைந்த கட்டணத்தில் மற்றையோர் இருந்தனர். முதன்மையான நாடகப் பருவம் டிசம்பர் 26இல் தொடங்கித் தவக்காலம் வரை நீடித்த கார்னிவல் திருவிழாக் காலம். திருவிழாவும் நாடகமும் பிரியாதிருந்ததில் வெனிசும் நமது ஊரும் ஒன்றுதான். ஆகவே கச்சானும் வடையும் தேநீரும் தாராளமாக வைக்கலாம், பேசலாம், பிடித்த பாட்டுக்கு ‘ஒன்ஸ்மோர்’ கேட்கலாம். 1786இல் வியன்னாவில் மோட்சார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ ஆடப்பட்டபோது சபை திரும்பத் திரும்பப் பாடச் சொன்னதால் நாடகம் மிக நீண்டுவிட, ஒருவருக்கு மேற்பட்டோர் பாடும் பகுதிகளைத் திரும்பப் பாடக்கூடாது என்று இரண்டாம் யோசேப்புப் பேரரசர் கட்டளை இட வேண்டியிருந்தது.

ஒப்பிடுவதற்கும் எல்லை உண்டு. பெண் வேடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போப்பாண்டவரின் ஆட்சியிலிருந்த உரோமையில் பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால், 1760இல் பிச்சினியின் ‘நல்ல பெண்’ என்னும் பெரும் வெற்றி கண்ட நகைச்சுவை ஓபரா அங்கே முழுவதும் ஆண்களாலேயே ஆடப்பட்டது. நமது கூத்திலும் ஆண்களே பெண் வேடம் கட்டினர் என்பதால் இரண்டும் ஒன்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் உரோமையில் அந்த வேடங்களுக்கு உரியவர்கள் குரல் உடையாமல் இருக்கச் சிறுவயதில் விதையடிக்கப்பட்ட பாடகர்கள். அதன் பின்னால் இருந்த கொடுமையை நமது வழக்கத்தோடு சேர்த்துப் பேசலாகாது. நாப்போலியில் செர்ப்பினாவாகப் பாடியவர் லவுரா மொந்தி என்னும் பெண்மணி. உபேர்த்தோவாகப் பாடியவர் ஜொவாக்கினோ கொர்ராதோ. கனதியான ஓபரா விதையடிக்கப்பட்ட பாடகர்களின் விந்தைக் குரலைக் கொண்டாடியபோது, நகைச்சுவை ஓபரா பெண்ணைப் பெண்ணாகவும் கிழவனைத் தடித்த குரலுடைய கிழவனாகவும் மேடையில் விட்டது.

மொழியும் அப்படியே. 1709 முதல் நாப்போலியின் ஃபியொரெந்தீனி அரங்கில் உள்ளூர்ப் பேச்சுமொழியிலேயே இசை நகைச்சுவை நாடகங்கள் ஆடப்பட்டன. கனதியான பாத்திரங்கள் இலக்கிய நடையிலும் வேலைக்காரர்கள் தெருப் பேச்சிலும் பாடும் வழக்கமும் அங்கே வளர்ந்தது. எழுத்துரையில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். தாளில் கதை எழுதும்போது உயர்ந்தோர் பேச்சைச் செந்தமிழிலும் வேலைக்காரரின் பேச்சை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலும் எழுதிப் பாருங்கள். பாதிச் சுவை திரும்பிவிடும்.

இரண்டாம் மாலைக்கு ஒரு முழு ஓபரா வேண்டாம், ஒரு பகுதி மட்டும் போதும்: ‘ஃபிகரோவின் திருமணம்’, இரண்டாம் அங்கத்தின் இறுதி. ஏறத்தாழ 20 நிமிடங்கள் வசனமே இல்லாமல் இசை தொடர்ந்து ஓடும். இப்படி அங்க முடிவில் எல்லாரையும் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு இழுத்து, குழப்பத்தை ஏற்றிக்கொண்டே போகும் முறைக்கு ஃபினாலே என்று பெயர். வெனிசில் 1749 முதல் நாடக ஆசிரியர் கார்லோ கொல்தோனியும் இசையமைப்பாளர் பல்தசாரே கலுப்பியும் சேர்ந்து இதை வளர்த்தெடுத்தார்கள். மோட்சார்ட்டும் அவருக்கு எழுதிக்கொடுத்த லொரென்சோ தா பொந்தேயும் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இதைப் பார்க்கக் கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு மேடையில் பாடுவோரை எண்ணுங்கள். தொடக்கத்தில் இருவர்: பூட்டிய அறைக்குள் இளம் பையன் செருபினோ ஒளிந்திருக்கிறான் என்று வாளுடன் நிற்கும் பிரபு, கெஞ்சும் அவர் மனைவி. அறைக்குள்ளிருந்து வெளியே வருவதோ வேலைக்காரி சுசான்னா, மூவர். அவளை மணக்கவிருக்கும் வேலையாள் ஃபிகரோ வருகிறான், நால்வர். யன்னலிலிருந்து ஒருவன் குதித்துத் தன் பூஞ்செடிகளை நொறுக்கிவிட்டான் என்று உடைந்த சட்டியோடு தோட்டக்காரன் வருகிறான், ஐவர். அவன் போனதும் ஃபிகரோமீது வழக்குக் கொண்டு மூவர் நுழைய, எழுவராகிறார்கள். ஒவ்வோர் ஆள் வரவிலும் இசையின் நடையும் மாறும். எழுவரும் ஒரே நேரத்தில் ஏழு வேறு எண்ணங்களைப் பாடினாலும் காதுக்கு அது கூச்சலாகாமல் இனிக்கிறது. வசன நாடகத்தில் எழுவர் ஒன்றாகப் பேசினால் சந்தை. இசை இருந்தால் மட்டுமே ஆகக்கூடிய வித்தை இது. நமது கொட்டகைக் கூத்தில் தர்க்கப்பாட்டு இருவரோடு நின்றுவிட்டதை எண்ணி எனக்கு ஏக்கம் வருவது இந்த இடத்திலேதான்.

காத்தவராயன் கூத்தோடு வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். குலப் படிநிலையைத் தாண்டிய ஆசையே இரண்டிலும் கதை. ஆரியமாலைமேல் கொண்ட ஆசை காத்தானைக் கழுமரம் வரை கொண்டு செல்கிறது. செர்ப்பினாவின் ஆசையோ கலியாணத்தில் முடிகிறது. இத்தாலிய அரங்கின் மாடத்தில் இருந்து சிரித்த பிரபுக்கள், தங்கள் வீட்டு வேலைக்காரியைப் பற்றி அன்றிரவு என்ன நினைத்தார்கள் என்று யோசித்தபடியே பார்க்கலாம்.

மூன்றாம் மாலைக்கு முழு நாடகம்: தொமேனிக்கோ சிமரோசாவின் ‘இரகசியத் திருமணம்’. காது மந்தமான பணக்கார வணிகர் ஜெரோனிமோ தம் பெண்களுக்குப் பிரபு வம்சத்தில் மாப்பிள்ளை தேடுகிறார். இளைய மகள் கரோலினாவோ அவருடைய கணக்கப்பிள்ளை பவோலினோவை ஏற்கெனவே இரகசியமாக மணந்துவிட்டாள். மூத்தவளைப் பார்க்க வந்த பிரபு இளையவளைக் கண்டு மயங்கி, அவளைத் தருவதானால் பாதிச் சீதனத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று பேரம் பேசுவார். மூன்று மணி நேரம் ஆகக்கூடியது என்பதால் இரண்டு அங்கங்களுக்கிடையில் நல்ல இடைவேளை விடுங்கள். இரவுச் சாப்பாட்டைச் சற்று அதிகமாகவே சமைத்து வையுங்கள். 1792 பெப்ரவரி 7ஆம் நாள் வியன்னாவில் இது முதன்முதல் ஆடப்பட்டபோது, இரண்டாம் லியோப்போல்துப் பேரரசர் மிக மகிழ்ந்து, நடிகர்கள் எல்லாருக்கும் இராச்சாப்பாடு கொடுக்கச் செய்து, அதே இரவிலே முழு ஓபராவையும் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆட வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உங்கள் சபையிலும் யாராவது ‘ஒன்ஸ்மோர்’ என்று கேட்கக்கூடும்.